சரியும் விண்மீன் எந்த அளவில் நிற்கும்?

அன்புள்ள ஐயா,

ஒரு பெரிய விண்மீன் தன் ஈர்ப்பால் சரிந்து, அளவேயற்ற ஒருமைப்புள்ளியில் முடிவதாக ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் கூறுவதைத் தங்கள் கட்டுரையில் விளக்கியிருந்தீர்கள். ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்க முயலும் குவாண்டம் ஈர்ப்பின்படி வெளிக்கே ஒரு குறைந்தபட்ச அளவு உண்டென்றால், பருப்பொருள் பிளாங்க் நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 10⁻³⁵ மீட்டருக்குச் சுருங்கியதும் சரிவு நின்றுவிடும் என்று கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரிவு நிற்கும் என்றே பல மாதிரிகள் காட்டுகின்றன. ஆனால் அதற்கு வெகுமுன்பே நின்றுவிடுகிறது, ஏனெனில் அங்கே வரம்பிடுவது நீளமன்று, அடர்த்தி. சூரியனைப் போல் மூன்று மடங்கு நிறையுள்ள பொருள் பிளாங்க் அடர்த்தியை, அதாவது கன மீட்டருக்கு ஏறத்தாழ 5×10⁹⁶ கிலோகிராமை எட்டும்போது, அதன் ஆரம் சுமார் 10⁻²² மீட்டராக இருக்கும். புரோட்டானைவிட ஒரு கோடி மடங்கு சிறியதுதான். ஆயினும் பிளாங்க் நீளத்தைவிடச் சில இலட்சம் கோடி மடங்கு பெரியது. இந்த இடைவெளி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அடர்த்தி எப்படித் தடையாகிறது என்பதைக் காண 1939-க்குச் செல்ல வேண்டும். இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அழுத்தமில்லாத, சீரான தூசுக்கோளம் ஒன்றின் சரிவை அவ்வாண்டில் கணக்கிட்டார்கள். அக்கோளத்தின் உட்புறம், சுருங்கும் பிரபஞ்சத்துக்குரிய அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது. அஷ்டேகர், பாவ்லோவ்ஸ்கி, சிங் ஆகிய மூவரும் 2006-ல் வளையக் குவாண்டம் அண்டவியலில், அதாவது குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு ஒன்றைப் பிரபஞ்சம் முழுமைக்கும் பொருத்தும் துறையில், பெற்ற முடிவின்படி, சுருங்கும் வீதத்தின் வர்க்கம் அடர்த்தியோடு வரம்பின்றி ஏறுவதில்லை. அடர்த்தி, பிளாங்க் அடர்த்தியில் ஏறத்தாழ 0.41 பங்கை எட்டும்போது அவ்வீதம் சுழியமாகி, சுருக்கம் விரிவாகத் திரும்புகிறது. அதே திருத்தத்தைத் தூசுக்கோளத்துக்குப் பொருத்தினால் சரிவும் அவ்வாறே மீண்டெழுகிறது.

2014-ல் ரொவெல்லியும் விதோட்டோவும் இந்நிலையைப் பிளாங்க் விண்மீன் என்று அழைத்தார்கள். அதனோடு விழுபவரின் கடிகாரத்தில் எல்லாம் ஒரு மில்லிவினாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஈர்ப்பு காலத்தை நீட்டுவதால், தொலைவிலிருப்பவருக்கு அந்த மீட்சி பிரபஞ்சத்தின் இன்றைய வயதைவிட மிக நீண்டதாகத் தோன்றும்.

இருப்பினும், ஒருமைப்புள்ளி பொய்யென நிறுவப்பட்டுவிட்டதாக நான் எழுதமாட்டேன். பொதுச் சார்பியலின்படி இத்தகைய சரிவு ஒருமைப்புள்ளியில் முடிந்தே தீரும் என்ற தம் தேற்றத்தைப் பென்ரோஸ் 1965-ல் நிறுவியபோது கோளச் சமச்சீரைத் துணைக்கொள்ளவில்லை. சுழலும், ஒழுங்கற்ற விண்மீனுக்கும் அது பொருந்தும். மீண்டெழும் மாதிரிகளோ பெரும்பாலும் சீரான, சுழலாத கோளத்தையே நம்பியிருக்கின்றன. அந்தச் சமச்சீரைக் கைவிட்ட பிறகும் மீட்சி நிலைக்குமா என்பதே இப்போது விடை காண வேண்டிய கேள்வி.