பிஜி: மன்னிப்பும் 131ஆம் பிரிவும்

அன்புள்ள சார்,

1987இல் இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்த அதே சிதிவேனி ரபுகாதான் 2022 கடைசியில் பிஜியின் பிரதமராகத் திரும்பி வந்தார். 2023 மே 14 அன்று, ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சத்தாரிடம் மன்னிப்பும் கேட்டார். தலைவர் திருந்தினால் நாடும் திருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே.,

எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆள் திருந்தியது நிஜம், அதற்கு நான் காட்டுவது மன்னிப்பை அல்ல, 1999 தேர்தலை. 1987 மே 14 காலையில் சுவா நாடாளுமன்றத்தின் பார்வையாளர் பகுதியில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கர்னல் அவர். முகமூடி போட்ட சிப்பாய்கள் உள்ளே புகுந்ததும் எழுந்து வந்து, பதவியேற்று ஒரு மாதமே ஆன பிரதமர் பவத்ராவின் அரசை மொத்தமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். இந்திய வம்சாவளியினர் கை ஓங்கிவிட்டது என்பதுதான் சொன்ன காரணம். அதே மனிதர் பத்து வருஷம் கழித்து, பிரதமராக இருந்தபோது, எதிர்க்கட்சித் தலைவர் ஜெய்ராம் ரெட்டியோடு உட்கார்ந்து பேசி 1997 அரசியல் சாசனத்தைக் கொண்டுவந்தார், அதன்படி நடந்த முதல் தேர்தலிலேயே தோற்றார், பேசாமல் இறங்கிப் போனார். மகேந்திர சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார்.

சரி, அப்புறம்? ஒரே வருஷம். 2000 மே மாதம் ஜார்ஜ் ஸ்பைட் என்ற வியாபாரி ஆயுதக் கும்பலோடு புகுந்து சவுத்ரியையும் மற்றவர்களையும் 56 நாள் பிணையாக வைத்திருந்தார்.

ஸ்பைட் ஜெயிலுக்குப் போனார். ராணுவத்தைக் கையில் வைத்திருந்த ரபுகாவும், 2006இல் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி பைனிமராமாவும் பிரதமரானார்கள். பைனிமராமா 2024இல் ஓராண்டுத் தண்டனை பெற்றதுகூட ஒரு போலீஸ் விசாரணையில் குறுக்கிட்டதற்குத்தான். ஆட்சிக் கவிழ்ப்புக்கு அவர் காலத்து 2013 சாசனமே பாதுகாப்பு கொடுத்துவிட்டது. அந்தச் சாசனத்தில் நல்லதும் உண்டு, இனவாரித் தொகுதிகள் ஒழிந்தன. ஆனால் அதன் 131ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்போடு மக்களின் நலனும் ராணுவத்தின் பொறுப்பு என்கிறது. நலன் என்றால் எதுவரை? எதுவரையும்!

2022 டிசம்பர் 24 அன்று 28க்கு 27 என்று ஒரே ஓட்டில் ரபுகா பிரதமரானார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, புது அரசு மாற்றங்களில் ரொம்ப அவசரப்படுகிறது என்று இதே பிரிவைக் காட்டி ராணுவத் தளபதி அறிக்கை விட்டார். உள்துறை அமைச்சர் பேசிய பிறகு விஷயம் அடங்கியது. அந்த அறிக்கை கைக்கு வந்தபோது ரபுகா என்ன நினைத்திருப்பார் என்று அவ்வப்போது யோசிப்பேன். ராணுவ அதிகாரிகள் எப்படி யோசிப்பார்கள் என்று அந்த நாட்டில் அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?