பரிசுக்குப் பின்ன நூல் வாங்கினால் லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள்

மார்கழி நெருங்கும்போது கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் உல்லன் நூல் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படுவது வருடத்தில் சில வாரங்கள்தான். ஆனால் பெங்களூரில் மகள், டெல்லியில் தம்பி, பாரிசில் அத்தை என்று குளிர் ஊரில் ஒரு சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. பின்னுவது எப்படி என்பதை உங்கள் கைகளுக்கே விட்டுவிடுகிறேன். வாங்குவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம். குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை என்று ஒரு செட் பின்ன ஆசை. கடையில் ‘ஒரிஜினல் உல்லன்’ என்று சொல்லி ஒரு பாக்கெட்டைக் காட்டுகிறார்கள். லேபிளில் அக்ரிலிக் என்று போட்டிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன் அம்மா. நம் ஊர்க் கடைகளில் பின்னுகிற நூல் எல்லாவற்றுக்குமே ‘உல்லன்’ என்றுதான் பெயர். லூதியானாவிலிருந்து வரும் வர்த்மான், ஓஸ்வால், கங்கா போன்ற பிரபலமான கம்பெனிகளின் நூலிலும் நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக் என்கிற செயற்கை இழைதான். கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு லேபிளைப் படித்தீர்களே, அதுதான் சரியான பழக்கம்.

அடுத்து, உங்களுக்கு நிஜக் கம்பளி தேவையா என்று யோசியுங்கள். ஜனவரியில் பெங்களூர் இரவு சராசரியாக 16 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குப் பச்சைக் குழந்தைக்கு ஆட்டுக் கம்பளி வேண்டியதில்லை. சில குழந்தைகளின் தோலுக்கு அது அரிக்கவும் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல் துவைப்பது. சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினாலோ மெஷினில் சுழற்றினாலோ சுருங்கித் தடித்துப்போகும், பிறகு மீளாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் தனியாக எடுத்து, பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் விரித்துக் காயவைக்க யாருக்கு நேரம் இருக்கும்? பரிசுக்கு நூல் எடுக்கும்போது பரிசைப் பெறுகிறவர் வீட்டில் துணி எப்படித் துவைக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் மருமகளுக்கு மென்மையான குழந்தை அக்ரிலிக் அல்லது பருத்தி நூல் போதும். பருத்தி கனமாக இருக்கும், இழுத்தால் தளர்ந்துவிடும். அதனால் குல்லாவின் ஓரப்பட்டைக்கு அக்ரிலிக் நல்லது, உடம்புக்குப் பருத்தி சுகம்.

பாக்கெட்டில் ‘4 ப்ளை’ என்று இருப்பதை வைத்துத் தடிமனை முடிவு செய்யாதீர்கள். எத்தனை இழை முறுக்கியது என்பதுதான் அது. இழையே மெல்லியதாக இருந்தால் 4 ப்ளை நூலும் மெல்லியதாகத்தான் இருக்கும். 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 200 முதல் 250 மீட்டர் என்றால் குழந்தை ஸ்வெட்டருக்கு ஏற்ற நடுத்தர நூல். நீங்கள் சொல்லும் செட்டுக்கு 150 முதல் 200 கிராம் வாங்கினால் தாராளம்.

லேபிள் இல்லாத உதிரி நூல்கண்டில் சந்தேகம் வந்தால் ஒரு விரல் நீளத் துணுக்கை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை விலக்கினால் தானே அணையும், சாம்பல் நொறுங்கும். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்துக் கெட்டியான மணியாகிவிடும். அந்த உருகல் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சம்பந்திக்கு அழகாக ஒரு கரித்துணி பின்னித் தருவதாக இருந்தால் அதைப் பருத்தியில் மட்டும் பின்னுங்கள். அக்ரிலிக் துணியைப் பரிசுப் பெட்டியில் வைக்கும் முன் மடிப்பு எடுக்கிறேன் என்று சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாலும் துவண்டு போய்விடும்.

இன்னொன்று, கழுத்தைச் சுற்றி ரிப்பன், முத்துப் பொத்தான், பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். கண்ணை நூலாலேயே தையல் போட்டுவிடுங்கள். கையுறையின் உள்பக்கம் தொங்கும் நூல்கள் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கலாம். முனைகளைக் கவனமாக உள்ளே கோத்துவிடுங்கள்.

கேள்வி: தங்கையின் கிருகப்பிரவேசத்துக்குப் பெரிய போர்வை ஒன்று பின்னிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசியில் நூல் தீர்ந்தது. அதே கடையில், அதே கலர் நம்பரில் வாங்கினேன். பின்னிய பிறகு பார்த்தால் தனியாகக் கோடு போட்டதுபோலத் தெரிகிறது. கேட்டால் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ போர்டைக் காட்டுகிறார்கள். (லாஸ்பேட்டை வாசகி)

பதில்: கலர் நம்பருக்குப் பக்கத்தில் லேபிளில் இன்னொரு எண் இருக்கும், லாட் நம்பர். ஒரே சாயத் தொட்டியில் ஒரே தடவை முக்கி எடுத்த நூலுக்குத்தான் ஒரே லாட் நம்பர். ஒரே அளவு போட்டு ஆட்டினாலும் நேற்றைய தோசை மாவும் இன்றைய மாவும் ஒன்றாகப் புளிப்பதில்லையே, சாயமும் அப்படித்தான். கடை வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது, வாசல் திண்ணையில் விரித்தால் தெரிந்துவிடும்.

சட்டப்படி இதைக் குறையுள்ள பொருள் என்று வாதாடுவது கடினம். லாட் நம்பர் லேபிளிலேயே அச்சாகி இருந்தால் கடைக்காரர் அதைக் காட்டித் தப்பித்துவிடுவார். ‘அதே லாட்தான்’ என்று அவர் எழுதியோ வாட்ஸ்அப்பிலோ உறுதி தந்திருந்தால் கதை வேறு. ஆனால் அந்தப் போர்டைக் கண்டு பொதுவாகப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலக்கெடு இருந்தால் அதற்குள்ளும், இல்லையென்றால் 30 நாளுக்குள்ளும் திரும்பக் கேட்கலாம். பந்துக்குள்ளே வரிசையாக முடிச்சுகள், பூச்சி அரித்த நூல், ஒரு அலசிலேயே சாயம் ஓடுவது எல்லாம் குறைதான். ரசீது தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் தவறு. நேரு வீதிக் கடையோ சண்டே மார்க்கெட்டோ, ரசீது கேளுங்கள்.

போர்வையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நிறம் மாறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்புவரை பிரித்து, பழைய நூலில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டு போனால் கோடு கரைந்துவிடும். பழைய நூல் அறவே இல்லை என்றால் புதியதை நாலு பக்கமும் ஓரமாகப் போடுங்கள், வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். அடுத்த முறை தேவைக்கு மேல் ஒரு பந்து சேர்த்து எடுத்து, ‘பிரிக்காத பந்தை மாற்றிக்கொள்ளலாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். நூலைத் தொடங்கியதும் லேபிளைக் குப்பையில் போடுகிறார்கள் பலர். ஒரு லேபிளையாவது ரசீதோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘100% ஊல், 10 பந்து காம்போ’ வாங்கினேன். படத்தில் தேங்காய் அளவு. வந்தது எலுமிச்சம்பழ அளவு, ஒவ்வொன்றும் 15 கிராம்தான். தொட்டாலே அக்ரிலிக் என்று தெரிகிறது. விற்றவர் ஹரியானாவில் இருக்கிறாராம். நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: இரண்டு புகார்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். விற்பனைப் பக்கத்தில் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர், இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதெல்லாம் இருந்தாக வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி. அங்கே 150 கிராம் என்று எழுதியிருந்தால், படத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்கிற வாதம் பலவீனமானது. எடையே போடவில்லை என்றால் உங்கள் கை ஓங்கும். அக்ரிலிக்கை 100 சதவீதம் ஊல், அதாவது கம்பளி என்று விற்றதோ பொய்யான விவரம், அதில் சந்தேகமே இல்லை.

விற்பனைப் பக்கம், பார்சல் உறை, லேபிள் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்கிறது 2020 மின்வணிக விதி. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் மேலே போவதானால் ஹரியானாவுக்கு நீங்கள் போக வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் சில நூறு ரூபாய் நூலுக்கு வழக்கு வரை போக நான் யோசிப்பேன். 1915க்கே பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: வில்லியனூரில் வீட்டிலிருந்தே பின்னித் தரும் ஒரு பெண்ணிடம் தோழியின் குழந்தைக்கு ஸ்வெட்டர் செட் கேட்டேன். 1,500 ரூபாய் சொல்கிறார். கடையில் ரெடிமேட் 400க்குக் கிடைக்கிறதே, இது நியாயமா? (முதலியார்பேட்டை வாசகி)

பதில்: நியாயம்தான். நூலுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,250. ஸ்வெட்டர், குல்லா, காலுறை பின்னி, தைத்து, முனை கோத்து முடிக்க 25 மணி நேரம் ஆகிறது என்றால் மணிக்கு 50 ரூபாய். நம் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கூட இந்தக் கூலிக்கு ஒப்புக்கொள்வாரா? ரெடிமேட் வந்தது மெஷினிலிருந்து, அதோடு இதை ஒப்பிடவே கூடாது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் பேரம் பேசாமல் குல்லாவும் காலுறையும் மட்டும் கேளுங்கள். அதுவும் நல்ல பரிசுதான்.

விலையில் விட்டுக்கொடுத்தாலும் விவரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மார்பளவு எத்தனை அங்குலம், என்ன நூல், என்ன நிறம், எந்தத் தேதிக்குள், முன்பணம் எவ்வளவு, அளவு தவறினால் பிரித்துப் பின்னித் தருவாரா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். ‘மூன்று மாதக் குழந்தை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வயது வரை போடும் அளவில் கேளுங்கள், மூன்று மாத அளவு இரண்டு முறை போட்டதும் சிறுத்துவிடும். தொடர்ந்து விற்பனை செய்கிறவர் வீட்டிலிருந்து செய்தாலும் சட்டத்தின் பார்வையில் விற்பனையாளர்தான். ஆனால் உங்கள் அளவுக்கென்று பின்னியதை ‘மனசு மாறிவிட்டது’ என்று திருப்பித் தரக் கூடாது.

அந்தப் பெண் இதைப் படித்தால் அவருக்கும் ஒரு தகவல். குரோஷா பொம்மைகளை விற்பதானால், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்தக் கைவினைஞர் அட்டையை வாங்கி வைப்பது நல்லது. சும்மா பரிசாகக் கொடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: யூடியூபில் 10ஆம் நம்பர் ஊசி என்றார்கள். கடையில் 10 கேட்டு வாங்கினேன். ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடுகிற அளவில் வருகிறது! (மஞ்சக்குப்பம் வாசகி)

பதில்: அந்த வீடியோ அமெரிக்க முறை. அங்கே 10 என்றால் 6 மி.மீ. நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் முறை, அதில் 10 என்பது 3.25 மி.மீ. நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் அக்காவுக்குப் பின்னிய சால்வையைப் பார்சல் அனுப்பினால் அங்கே வரி கட்டச் சொல்வார்களா? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் கிடையாது. தாண்டினால் அக்கா அங்கே 20 சதவீத வாட் வரியும், பார்சல் கையாளும் கட்டணமும் கட்ட நேரிடலாம். தபால் நிலையத்தில் தரும் சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்பதைக் குறியுங்கள். ‘துணி’ என்று மொட்டையாக எழுதாமல் ‘கையால் பின்னிய அக்ரிலிக் சால்வை, 1’ என்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். மதிப்பை உள்ளபடி போடுங்கள். பூஜ்ஜியம் என்று போட்டால் பார்சலைப் பிரித்துப் பார்க்க நீங்களே அழைப்பு விடுத்த மாதிரி ஆகிவிடும்.