நிலவறைக்குள் இறங்கும் முன் பெட்டியைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து ஒரே வகை போர்டு கேமைப் பற்றியவை. நான்கு பேர் ஓர் அணியாக நிலவறைக்குள் இறங்குவார்கள். ஒவ்வொரு கதவாகத் திறப்பார்கள். உள்ளே காத்திருக்கும் எலும்புக்கூட்டையும் பூதத்தையும் பெரும்பாலும் ஆட்டத்தின் விதிகளே நகர்த்தும். ஜெயித்தால் நால்வரும் ஜெயிப்பார்கள், தோற்றால் நால்வரும் தோற்பார்கள். பரமபதத்தில் அடுத்தவரைப் பாம்பு கடித்தால் நமக்குக் கொண்டாட்டம். இதில் பக்கத்தில் இருப்பவர் விழுந்தால் நம் முதுகைக் காக்க ஆள் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு வகை இது. விலையும் அதிகம், தவறாக வாங்கிவிட்டால் மாற்றுவதும் கடினம். அதனால் ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை. சனிக்கிழமைகளில் பெருங்குடியில் என் அறையில் கூடுவோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு குளூம்ஹேவன் வாங்க நினைக்கிறோம். பெரிய பெட்டியையே வாங்கிவிடலாமா, இல்லை ‘ஜாஸ் ஆஃப் தி லயன்’ போதுமா? இதுவரை யாரும் இந்த மாதிரி விளையாட்டு ஆடியதில்லை.

பதில்: சின்னப் பெட்டியான ஜாஸ் ஆஃப் தி லயனை வாங்குங்கள். காசை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் சொல்லவில்லை.

ஐசக் சில்ட்ரஸ் வடிவமைத்து 2017இல் வெளிவந்த குளூம்ஹேவன் பெட்டி ஏறக்குறைய 10 கிலோ எடை. உள்ளே 95 சினாரியோ (ஒரு மாலையில் ஆடும் ஒரு நிலவறைப் பயணம்), 1,700க்கும் மேல் கார்டுகள். வாரம் ஒரு சினாரியோ என்று வைத்தாலும் அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் ஆடினால்தான் இரண்டு வருடத்துக்குள் முடியும். தீபாவளி, பொங்கல், யாராவது ஒருவர் கல்யாணம், ஆபீஸில் ரிலீஸ், பெங்களூருக்கு மாற்றல் எல்லாம் நடுவில் வரும். தோற்ற சினாரியோவைத் திரும்ப ஆட வேண்டியும் இருக்கும். நான் முதலில் பெரிய பெட்டியைத்தான் வாங்கினேன். ஏழாவது சினாரியோ முடிந்த மாதம் எங்களில் ஒருவருக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. அத்தோடு அந்தக் குழு கலைந்தது. விளையாட்டில் ஒரு குறையும் இல்லை. எங்களிடம் அத்தனை சனிக்கிழமைகள் இல்லை, அவ்வளவுதான்.

2020இல் வந்த ஜாஸ் ஆஃப் தி லயனில் 25 சினாரியோக்கள். விதிகள் பெரும்பாலும் அதேதான். முதல் ஐந்து சினாரியோக்கள் பாடம் மாதிரி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விதிகள் கூடிக்கொண்டே போகும். முதல் நாளே விதிப்புத்தகம் முழுவதையும் ஒருவர் படித்து மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இன்னொரு வசதியும் உண்டு. பெரிய பெட்டியில் அறை அறையாக அட்டைத் துண்டுகளைத் தேடி எடுத்து வரைபடத்தை நீங்களே கோக்க வேண்டும். சின்னதில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகத்தின் பக்கமே வரைபடம். விரித்து வைத்தால் நிலவறை தயார். வாடகை அறையில் இருக்கும் மேஜைக்கு இது பெரிய உபகாரம்.

ஆட்டம் எப்படிப் போகும் என்றும் சொல்லிவிடுகிறேன், பிடிக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பகடை கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் பத்துக்கு ஒன்று கூடவோ குறையவோ கார்டுகள் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டைத் தேர்ந்து, ஒன்றின் மேல் பாதியையும் மற்றதன் கீழ் பாதியையும் செய்ய வேண்டும். மேல் பாதி பெரும்பாலும் அடி, கீழ் பாதி பெரும்பாலும் நகர்வு. கார்டுகள் தீர்ந்ததும் ஓய்வெடுத்தால் திரும்பக் கைக்கு வரும், ஆனால் ஒவ்வொரு ஓய்வுக்கும் ஒரு கார்டு போய்விடும். கை காலியானால் உடம்பில் உயிர் மிச்சமிருந்தாலும் உங்கள் ஆள் களைத்து விழுந்துவிடுவார். பூதத்தை விட இந்தக் களைப்புதான் உண்மையான எதிரி. மூன்றாவது கதவைத் திறக்கும்போது நால்வர் கையிலும் நான்கு நான்கு கார்டுகள் மட்டும் இருக்கும் அந்த நேரத்தில் மேஜையில் பேச்சே இருக்காது. அதற்காகத்தான் நான் இதை ஆடுகிறேன்.

சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் ஒரு பொதுவான சங்கடம் உண்டு. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர், ‘நீ இங்கே போ, நீ அதை அடி’ என்று நால்வர் ஆட்டத்தையும் தானே ஆடிவிடுவார். குளூம்ஹேவனில் அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கையில் இருக்கும் கார்டின் எண்களை வெளியே சொல்லக் கூடாது. ‘நான் சீக்கிரம் போய் அந்தக் கதவுப் பக்கம் இருப்பவனைக் கவனிக்கிறேன்’ என்று சொல்லலாம், எத்தனையாவதாகப் போவேன் என்று சொல்லக் கூடாது. புதிதாக ஆடுபவர்கள் இந்த விதியைத் தளர்த்திவிடுவார்கள். நீங்கள் தளர்த்தாதீர்கள். நால்வரும் ஆடினால்தான் நால்வரும் அடுத்த சனிக்கிழமை வருவார்கள்.

விலைக் கணக்கு: உதாரணத்துக்கு 5,000 ரூபாய் என்று வையுங்கள். 25 மாலைக்கு ஒரு மாலை 200 ரூபாய், ஆளுக்கு 50. பத்தாவது சினாரியோவோடு நிறுத்தினாலும் ஆளுக்கு 125தான். இதே கணக்கைப் பெரிய பெட்டிக்கும் போடுங்கள், ஆனால் 95ஆல் வகுக்காதீர்கள். நீங்கள் உண்மையில் எத்தனை நாள் கூடுவீர்களோ அந்த எண்ணால் வகுங்கள். சின்னதை முடித்தபின் பெரியதற்குப் போனால் சின்னதில் வரும் ஆட்களை அங்கேயும் ஆடலாம்.

வாங்கும் முன் ஒரு மாலை போர்டு கேம் கஃபேக்குப் போய் இதையோ இந்த வகையில் வேறு ஒன்றையோ ஆடிப் பாருங்கள். சென்னையில் இப்போது அப்படிச் சில இடங்கள் இருக்கின்றன. அப்புறம், நால்வர் பணம் போட்டாலும் பில் ஒருவர் பெயரில்தான் வரும். பெட்டி யாருடையது, குழு கலைந்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை இன்றே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். நட்பு இருக்கும்போது எழுதுவது சுலபம்.

கேள்வி: அண்ணா நகரில் கூட்டுக் குடும்பம். மகனுக்கு 11, மகளுக்கு 8 வயது. லீவில் போனைப் பிடுங்கி வைத்தால் வீடே ரணகளம். தாத்தாவும் உட்கார்ந்து ஆடும்படி பூதம், வாள், மந்திரம் மாதிரி ஒன்று சொல்லுங்கள். மாமனாருக்கு ஆங்கிலம் படிப்பது சிரமம்.

பதில்: ஹீரோக்வெஸ்ட். மில்டன் பிராட்லி, கேம்ஸ் வொர்க்‌ஷாப் இரண்டும் சேர்ந்து 1989இல் கொண்டுவந்த பழைய விளையாட்டு. ஹாஸ்ப்ரோ இப்போது புதிய பதிப்பாக விற்கிறது. முரட்டு வீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என்று நான்கு பேர். 14 பயணங்கள். பகடையை உருட்டி, மண்டையோடு விழுந்தால் அடி, கேடயம் விழுந்தால் தடுப்பு. எட்டு வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒருவர் ஜார்கன் என்ற தீய மந்திரவாதியாக உட்கார்ந்து பூதங்களை நகர்த்துவார், அறைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வார். அவரும் சேர்ந்தே ஆடட்டும் என்றால் ஜார்கன் வேலையை இலவச ஆப் பார்த்துக்கொள்ளும். ஆனால் போனைத் தள்ளி வைக்கத்தானே வாங்குகிறீர்கள்? ஜார்கனாக நீங்கள் உட்காருங்கள். பயணத்தின் கதையை முன்னாடியே படித்துவிட்டு, ஆடும்போது தமிழில் சொல்லுங்கள். தாத்தாவுக்கு மொழிச் சிக்கல் போய்விடும். இரண்டு பயணம் ஆனதும் அவரையே ஜார்கனாக்குங்கள். வேதாளம் கதை சொல்லத் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலை.

ஒரு எச்சரிக்கை. 14 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் ‘14+’ என்று அச்சிட்டிருக்கும், அதனால் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் தவழும் குழந்தை இருந்தால், ஆடி முடித்ததும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உருவங்களை எண்ணி உள்ளே வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு டன்ஜன் (நிலவறை) விளையாட்டு வாங்கினேன். டோக்கன்களை (ஆட்டத்தில் வைக்கும் சின்ன அட்டை வில்லைகள்) பிரித்தெடுக்கும் அட்டையில் இரண்டு தாள் இல்லை. கார்டுகளின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறது. ‘பிரித்த போர்டு கேம் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார் விற்பவர். மயிலாப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. பிரிக்காமல் உள்ளே தாள் குறைகிறது என்று எப்படித் தெரியும்? குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. இதுவே தி. நகர் கடையில் வாங்கியதாக இருந்தாலும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான்.

நிறம் மாறியதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். கவிழ்த்து வைத்த அடுக்கில் அடுத்து எது வருகிறது என்று பின்பக்கத்தைப் பார்த்தே தெரிந்தால் ஆட்டம் செத்துவிடும். தாள் குறைந்து, அச்சும் இப்படி இருந்தால் பிரதி எடுத்த போலியாக இருக்கலாம். பெட்டியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்.ஆர்.பி. எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

மிச்ச டோக்கன்களை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம், அப்படியே வையுங்கள். விதிப்புத்தகத்தில் இருக்கும் பொருள் பட்டியலோடு ஒப்பிட்டு எது குறைகிறது என்று எழுதி, விற்பவருக்கும் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915க்கு போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம். பெரும்பாலும் 1915 கட்டத்திலேயே பணம் வந்துவிடுகிறது என்பது இந்தப் பகுதிக்கு எழுதுபவர்களின் அனுபவம்.

பொருள் அசல்தான், ஒன்றிரண்டு துண்டு மட்டும் குறைகிறது என்றால் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள். பலர் மாற்றுத் துண்டு அனுப்புகிறார்கள். உங்கள் விஷயத்தில் அந்த வழி வேண்டாம், பணத்தையே கேளுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் குளூம்ஹேவன் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த விளையாட்டில் வரைபடத்திலும் கார்டிலும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மூடிய பெட்டிகளையும் உறைகளையும் திறப்பார்கள். ஒட்டியது ஒட்டியதுதான். எந்தெந்தப் பெட்டி திறந்திருக்கிறது என்று படம் கேளுங்கள். திறந்திருந்தாலும் ஆட முடியும், ஆச்சரியம்தான் குறையும். அதற்கு ஏற்ற விலை கேளுங்கள். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் உதவிக்கு வராது, நேரில் போய் எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆப் இல்லாமல் ஆடவே முடியாத ‘டிசன்ட்: லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க்’ மாதிரி பெட்டி என்றால், அந்த ஆப் உங்கள் போனில் இறங்கி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. கார்டுகள் வளைகின்றன. ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட வேண்டுமா?

பதில்: எல்லாவற்றுக்கும் வேண்டாம். அடிக்கடி கலைக்கும் அடுக்குகளுக்கு மட்டும் போடுங்கள். குளூம்ஹேவனில் அடியின் பலனைச் சொல்லும் சின்னக் கார்டுகள்தான் அப்படி, அளவு 44×68 மி.மீ. கையில் பிடிக்கும் கார்டுகள் 63.5×88. அளவு தெரியாமல் வாங்கினால் ஸ்லீவும் வீண். பெட்டிக்குள் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மருந்து டப்பாவில் வருவதையே சேர்த்து வைக்கலாம். பரணில் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் அங்கே அடிக்கும் சூட்டில் அட்டை பிரிந்துவிடும். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்தில் இருந்த நண்பர் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த மூன்று பெட்டிகளும் கூழாகிவிட்டன, பீரோவின் மேல்தட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதைத்தான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம்.