பாதி விலைக் கொட்டேஷனில் மீதிப் பாதி எங்கே?

கேள்வி: பழைய மெக்கானிக்கல் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் மெஷின்) ஒன்று வாங்கியிருக்கிறேன். கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கப்போகிறது. படுக்கவைத்து ஏற்ற வேண்டும். கேட்லாக்கின்படி நீளம் 6.5 மீட்டர், அகலம் 3.1 மீட்டர், படுத்த நிலையில் உயரம் 3.4 மீட்டர், எடை 38 டன். துறைமுகத்திலிருந்து ஆலைக்குச் சாலை வழியே 400 கிலோமீட்டர். இரண்டு பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். முதலாமவர் கேட்பதில் பாதிதான் இரண்டாமவர் கேட்கிறார். "பெர்மிட் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நாலே நாளில் சேர்த்துவிடுவோம்" என்கிறார். அவரை நம்பலாமா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நம்புவது இருக்கட்டும். அந்த 3.4 மீட்டரை யார் அளந்தார்கள்?

கேட்லாக்கில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளியே வந்த மெஷினின் அளவு. உங்களுடையது பழையது. இடையில் யாராவது ஆயில் பம்ப்பை இடம் மாற்றியிருப்பார்கள், மோட்டாருக்குத் தனியாக ஒரு மேடை பற்றவைத்திருப்பார்கள், தூக்குவதற்குக் கொக்கி வளையம் வைத்திருப்பார்கள். இதெல்லாம் சேர்ந்து 20 சென்டிமீட்டர் கூடுவது சாதாரணம். அப்படியானால் உயரம் 3.6. அடியில் மரக்கட்டை போடுவார்கள், அதற்கு 10 சென்டிமீட்டர். தளம் தாழ்ந்த லோ பெட் டிரெய்லரில் அந்தத் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். மொத்தம் 4.6 மீட்டர். இதே மெஷினைச் சாதாரண பிளாட் டிரெய்லரில் வைத்தால், அதன் தளமே 1.4 மீட்டர் போல இருக்கும், 5.1 மீட்டருக்குப் போய்விடும். பல நாடுகளில் பெர்மிட் இல்லாமல் ஓடக்கூடிய உயரம் 4 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாடு விட்டு நாடு ஓடும் லாரிகளுக்கு 4 மீட்டர் உயரமும் 2.55 மீட்டர் அகலமும் எல்லை. உங்கள் மெஷின் அகலத்திலேயே அதைத் தாண்டிவிட்டது.

இப்போது அந்தப் பாதி விலைக்கு வருவோம். எந்த டிரெய்லர் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? பெரும்பாலும் "டிரெய்லர் 1" என்று மட்டும் இருக்கும். லோ பெட்டுக்கும் பிளாட்டுக்கும் வாடகையில் நிறைய வித்தியாசம். விலை பாதியாவது அங்கேதான். பிளாட்டில் ஏற்றிவிட்டு, வழியில் ஒரு பாலத்தடியில் நின்றுகொண்டு, "சார், உயரம் இடிக்குது, லோ பெட் வரவழைக்கணும், கிரேன் வேணும், கூடுதலா இவ்வளவு ஆகும்" என்று போன் வரும். மெஷின் அவர் வண்டி மேல் இருக்கிறது. நீங்கள் என்ன பேரம் பேசப்போகிறீர்கள்?

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் விலை கொடுப்பவர்களில் கணிசமானவர்களுக்குச் சொந்தமாக ஒரு டயர்கூடக் கிடையாது. உங்களிடம் வேலையை எடுப்பார், இன்னொரு புரோக்கரிடம் தள்ளுவார், அவர் வண்டிக்காரரிடம் தள்ளுவார். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதில் டிரைவர் செயின் வாங்க வேண்டும், முன்னால் வழிகாட்டிப் போகும் பைலட் வண்டிக்குக் கொடுக்க வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அவர் எதைக் குறைப்பார் என்று நினைக்கிறீர்கள்? செயினைத்தான். எனவே முதல் வேலையாக டிரெய்லரின் பதிவு எண், அதன் வரைபடம், ஆக்ஸில் (சக்கர அச்சு) எத்தனை, தளத்தின் உயரம் எவ்வளவு என்று கேளுங்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். புரோக்கர் "நாளைக்கு அனுப்புறேன்" என்பார். அந்த நாளை வராது.

பெர்மிட்டைப் பற்றி. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரியை ஏற்காதீர்கள். பெர்மிட் நகல் கையில் வராமல் மெஷின் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரவில் பெர்மிட் இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் அபராதம் அவருக்கு, தாமதம் உங்களுக்கு. விபத்து ஆனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதே பெர்மிட்டைத்தான்.

நாலு நாள் கணக்கு எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. பெர்மிட் தருவது ஒரே அலுவலகம் இல்லை. சாலையைப் பார்ப்பவர் வேறு, பாலத்தைப் பார்ப்பவர் வேறு, மின்கம்பிக்கு வேறு, ரயில்வே கேட்டுக்கு வேறு, ஊருக்குள் நுழைந்தால் போக்குவரத்துப் போலீஸ் வேறு. ஒருவர் இன்னொருவரின் தாள் வந்தால்தான் பேனாவைத் திறப்பார். கடைசித் தாள் வந்து சேர்வதற்குள் முதல் தாளின் தேதி முடிந்துவிடும். இதில் இன்னொரு கொடுமை: பல இடங்களில் பெர்மிட் உங்கள் சரக்குக்கு மட்டும் இல்லை, குறிப்பிட்ட டிரெய்லர் எண்ணுக்கும் சேர்த்துத்தான். வண்டி பழுதாகி வேறு வண்டி போட்டால் மறுபடி முதல் மேசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 38 டன்னை நகர்த்துவதைவிட ஒரு ஃபைலை நகர்த்துவது கடினம் என்று நான் சொன்னால், கிண்டல் இல்லை, அனுபவம்.

பெர்மிட் அதிகாரிகள் கேட்பதில் ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில், இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆக்ஸிலின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்பது அதில் தெரிந்தது. அதனால்தான் மொத்த எடையோடு விடாமல் "ஒரு ஆக்ஸிலுக்கு எவ்வளவு" என்று கேட்கிறார்கள். உங்கள் 38 டன்னும் டிரெய்லரின் எடையும் எத்தனை ஆக்ஸிலில் பரவுகிறது என்பதற்கு ஒரு பக்கக் கணக்கு இருக்க வேண்டும். குறைந்த விலைக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, பிரஸ்ஸைப் பிரிக்கலாமா கூடாதா என்ற விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அளவு மீறிய சரக்குக்குப் பொதுவாகப் பெர்மிட் தருவது, அது பிரிக்க முடியாத ஒரே சரக்காக இருந்தால்தான். பிரிக்க முடியும் என்றால் "பிரித்து இரண்டு வண்டியில் கொண்டு போ" என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. உங்கள் பிரஸ்ஸின் சட்டம் (ஃப்ரேம்) எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரே துண்டாகப் பற்றவைத்த சட்டமாக இருந்தால் பிரச்சினை இல்லை, அது பிரிக்க முடியாதது. தயாரிப்பாளரிடமோ ஒரு பொறியாளரிடமோ அப்படி ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். நான்கு மூலையிலும் மேலிருந்து கீழ்வரை தடித்த இரும்புத் தண்டுகள் (டை ராடுகள்) ஓடி, பெரிய நட்டுகளோடு நின்றால் கதை வேறு. அது மேல்பாகம், தூண்கள், அடிப்பாகம் என்று தனித்தனியாகக் கழலும். அதிகாரிக்கு அது தெரிந்தால் பிரிக்கச் சொல்வார். ஆனால் அந்த ராடுகளைச் சூடேற்றி நீளவைத்து, நட்டை முடுக்கி, ஆறும்போது இறுகவிட்டுத்தான் பூட்டியிருப்பார்கள். கழற்றவும் சூடேற்ற வேண்டும், திரும்பப் பூட்டவும் சூடேற்ற வேண்டும், அப்புறம் நேர்கோடு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஆளும் கருவியும் இல்லாத இடத்தில் பிரித்தால், ஆலைக்கு வந்து சேர்வது பிரஸ் அல்ல, 38 டன் இரும்பு. அதைச் செய்யத் தெரிந்த ஆள் உங்களிடம் இருந்தால் மட்டும் பிரியுங்கள். பல துண்டுகள் பெர்மிட் இல்லாமலேயே போய்விடக்கூடும், முதலாமவரின் விலையும் இறங்கும். இல்லையென்றால் ஏன் பிரிக்கக் கூடாது என்பதை அந்தக் கடிதத்தில் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு: மோட்டாரையும் ஃப்ளைவீலையும் மட்டும் கழற்றுவது. உயரம் குறையும், நல்லதுதான். ஆனால் கழற்றிய பிறகு எடையின் மையம் நகர்ந்துவிடும். கிரேன்காரரிடம் பழைய வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, கழற்றியதைச் சொல்லாமல் விட்டால், தூக்கும்போது ஒரு பக்கம் சாயும்.

கிரேன் என்றதும் நினைவுக்கு வருகிறது. "100 டன் கிரேன் போட்டிருக்கிறோம், 38 டன்தானே" என்பார்கள். அந்த 100 டன், கிரேனை ஒட்டியபடி, அதன் கையான பூமைக் குட்டையாக வைத்துத் தூக்கும்போது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதில் ஒரு சின்னப் பங்குதான் மிஞ்சும். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் அந்தக் கிரேனின் லோட் சார்ட்டில் உங்கள் தூரத்துக்கு நேரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். மெஷினைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங் கயிறும் அப்படியே. இரண்டு கால் ஸ்லிங் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒரு காலுக்கு 22 டன் இழுவை. 30 டிகிரியில் படுத்தால் ஒவ்வொரு காலுக்கும் முழு 38 டன்.

வழியைச் சர்வே செய்ததாகச் சொல்வார்கள். எப்படி? காரில் போய்ப் பார்த்தார்களா, அளவுகோல் கம்போடு இறங்கினார்களா? பாலத்தின் பலகையில் எழுதியிருக்கும் உயரம் பலகை மாட்டிய அன்றைய உயரம். அதன்பின் சாலைக்கு இரண்டு முறை தார் போட்டிருந்தால் தரை ஏறியிருக்கும், பலகை மாறியிருக்காது. மின்கம்பி வெயிலில் சூடேறித் தொய்யும். விடியற்காலையில் அளந்துவிட்டு நண்பகலில் வண்டியை விட்டால் கணக்குத் தப்பும். (பலகை சரியாகவே இருந்தாலும் இடிப்பவர்கள் இடிப்பார்கள். அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று, எச்சரிக்கை விளக்கு வைத்தும் லாரிகளின் கூரையைச் சீவிக்கொண்டே இருந்தது. 2019-ல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் இடித்தார்கள்.) சர்வே அறிக்கையில் ஒவ்வொரு தடைக்கும் படம், அளந்த உயரம், தேதி, நேரம் இருக்க வேண்டும். அவ்வளவும் இல்லாத சர்வே, சர்வே இல்லை.

கட்டுவதில் ஏமாறாதீர்கள். "இவ்வளவு எடை, தானே நிக்கும்" என்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய பொய். திடீர் பிரேக்கில் சரக்கு முன்னால் தள்ளும் விசை அதன் எடையில் 80 சதவீதம் என்று வைத்துத்தான் சாலைப் பயணத்துக்குக் கணக்கிடுகிறார்கள்; பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் 50 சதவீதம். உங்களுக்கு முன்பக்கம் மட்டும் 30 டன்னுக்கு மேல் வரும். இரும்புத் தளத்தில் இரும்பு வழுக்கும், எண்ணெய் பட்டால் சொல்லவே வேண்டாம். ஒருமுறை நான் போட்ட வேலையிலேயே நடந்தது. படுக்கவைத்த பிரஸ்ஸின் கியர்பாக்ஸில் எண்ணெய் வடிக்காமல் விட்டிருந்தார்கள். மூச்சுக்குழாய் மூடி வழியாக இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. காலையில் ஒரு மாடு குறுக்கே வந்ததற்கு டிரைவர் பிரேக் போட, மெஷின் ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. செயின் பிடித்ததால் டிரைவர் பிழைத்தார். அடியில் ரப்பர் பாய் போட்டிருக்கிறதா, செயினில் அதன் தாங்கும் அளவைக் காட்டும் தகடு தொங்குகிறதா என்று வண்டி கிளம்பும் முன் உங்கள் ஆள் நேரில் பார்க்கட்டும்.

காப்பீடு தனியாக எடுங்கள். வண்டிக்காரரின் பொறுப்பை நம்ப வேண்டாம். அவர் தரும் இழப்பீடு பெரும்பாலும் எடைக்கு இவ்வளவு என்றுதான், மெஷினின் மதிப்புக்கு இல்லை. பழைய மெஷினுக்குப் பாலிசியில் தனி நிபந்தனை போடுவார்கள், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேக்கிங் சரியில்லை என்றால் தர மாட்டார்கள், தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கும் தர மாட்டார்கள்.

ஆக, இரண்டாமவரிடம் டிரெய்லர் விவரம், ஆக்ஸில் கணக்கு, சர்வே அறிக்கை, செயின் விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் அவரும் தொழில் தெரிந்தவர்தான், விலையைப் பேசலாம். அநேகமாகப் புதிய விலையோடுதான் வருவார். முதலாமவரிடமும் இதையே கேளுங்கள். அதிக விலை சொல்வதால் மட்டும் ஒருவர் ஒழுங்காகிவிட மாட்டார்.

இன்னொன்று, உங்கள் ஆலை வாசல். மெஷின் நுழைந்தால் போதாது, கிரேனும் நுழைய வேண்டும், அது கால் விரித்து நிற்க இடம் வேண்டும். கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சாக்கடையோ பழைய தொட்டியோ ஓடுகிறதா என்று உங்கள் பழைய மேஸ்திரியைக் கேளுங்கள். வரைபடத்தில் அது இருக்காது. வண்டி வந்து நின்றதும், இறக்கும் முன்பே நாலு பக்கமும் படம் எடுத்து, அடி பட்டிருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.