பல்குத்தும் குச்சி விழுங்கியபின் அடிவயிற்று வலி: எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் போதுமா?

போதாது. மரக்குச்சி எக்ஸ்ரேயில் தெரியாது. உங்கள் அப்பா குச்சியை விழுங்கி ஐந்து நாளாகி, இப்போது வலது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் இருக்கிறது என்றால், இன்றே அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போய் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

குச்சியின் முனை குடலைக் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் குறுகலானது, கூரான பொருள்கள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அது வலது அடிவயிறு என்பதால் பார்ப்பதற்கு அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) மாதிரியே இருக்கும். ஆகவே டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "குச்சியை விழுங்கிவிட்டார்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் போனால் சிடி படத்தில்கூட மெல்லிய கோடாகத் தெரியும் குச்சி கண்ணுக்குத் தப்பலாம்.

கிளம்பும் முன் ஒன்று கவனியுங்கள்: இருமும்போது வலி சுரீரென்று ஏறுகிறதா? வயிறு பலகைபோல் விறைத்திருக்கிறதா? இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். இல்லாவிட்டாலும் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேதி மாத்திரை வேண்டவே வேண்டாம். டாக்டர் பார்க்கும்வரை சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

குடலில் ஓட்டை சிறியதாக இருந்து சுற்றியுள்ள கொழுப்பு மூடியிருந்தால், எட்டும் இடத்தில் எண்டோஸ்கோப்பி (உள்ளே விடும் கேமராக் குழாய்) மூலம் குச்சியை எடுத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கவனிப்பதுண்டு. சீழ் பரவியிருந்தால் அறுவை சிகிச்சைதான். பலருக்கு லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சை) ஓட்டையைத் தைத்தாலே போதும். எந்தச் சிகிச்சை என்பதை ஸ்கேனும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் சர்ஜனும்தான் தீர்மானிக்க முடியும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.