என்ஜினை இறக்குவதற்கு முன்னால் க்ளட்ச் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 150 சிசி வண்டி, நாலு வருடம் ஓடியிருக்கிறது, இப்போது கியர் மாற்றினால் காலுக்கு இறுக்கமாக இருக்கிறது, 'டங்' என்று சத்தம் வருகிறது, சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக், பிரிக்கலாமா?

அவசரப்பட வேண்டாங்க. இதே வார்த்தையை எனக்கும் சொன்னார்கள்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். போன வருடம் ஆசனூர் போகும்போது திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறியிருக்க மாட்டேன், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர மறுத்துவிட்டது வண்டி. மேலேயிருந்து லோடு லாரி இறங்குகிறது, பின்னால் பஸ் ஆரன் அடிக்கிறது, நான் க்ளட்ச் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துக்கொண்டே இருக்கிறேன். திரும்பி வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், கியர்பாக்ஸுக்குள் கியரைத் தள்ளுகிற ஃபோர்க் வளைந்திருக்கும், என்ஜினை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். மனசு கேட்காமல் கவுந்தப்பாடியில் எங்கள் அப்பாவின் வண்டியை ரொம்ப நாளாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை, முதலில் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங் தம்பி, வண்டிய ஆஃப் பண்ணீட்டு கியர் போட்டுப் பாத்தீங்ளா?"

நீங்களும் இதிலிருந்தே ஆரம்பியுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டு எடுங்கள். அப்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸின் மேல் பெரும்பாலும் தப்பில்லை, க்ளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது லீவரைப் பிடித்தும் என்ஜினின் இழுவையைக் கியர்பாக்ஸிலிருந்து முழுசாகப் பிரிக்கவில்லை. அணைத்த நிலையிலும் அதே இறுக்கம் என்றால் கியர் லீவரிலோ கியர்பாக்ஸுக்கு உள்ளேயோ கோளாறு.

காரணம் இதுதான். பெட்டிக்குள் கியர்கள் எப்போதும் பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் காலால் தள்ளுவது, ஒரு கியரின் பக்கவாட்டில் இருக்கும் முட்டுகளைப் பக்கத்துக் கியரின் குழியில் உட்கார வைக்கத்தான். க்ளட்ச் பாதி மட்டும் விட்டால் என்ஜினின் இழுவை அந்த முட்டுகளை அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் பழைய கியரைவிட்டு வெளியே வராது, புதிய கியருக்குள் போகும்போது மோதித்தான் போகும். உங்கள் 'டங்' சத்தமும், நியூட்ரல் விழாததும் அங்கே இருந்துதான்.

அண்ணன் அடுத்ததாக க்ளட்ச் லீவர் பக்கம் கேபிள் முனையைக் கழற்றிக் காட்டினார். ஈயக் குண்டுக்குக் கீழே கம்பி இழைகள் நாலைந்து அறுந்து, தேங்காய் நார் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. உறைக்குள் எங்கள் காட்டுப் பாதையின் செம்மண் புழுதி ஆயிலோடு கலந்து சேறாகிக் கிடந்தது. நான் கையால் இழுக்கிற இழுப்பில் பாதி அந்தச் சேற்றிலேயே போய்விடுகிறது, கீழே க்ளட்சுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதோடு கேபிள் ஹேண்டில்பாருக்கு அருகே மடங்கிப் போயிருந்தது. வளைவில் ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் மடிப்பு இன்னும் இறுகும், திம்பத்தில் மாட்டிக்கொண்டது அதனால்தான். புதுக் கேபிள் மாட்டி, மடங்காத வழியில் கொண்டுபோய்க் கட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே கியர் ஒரு விரல் பலத்தில் விழுந்தது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, என்ஜினைப் பிரிக்கக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து.

இழை அறுந்திருந்தால் ஆயில் விட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், நடுவழியில் அறுந்துவிடும், மாற்றிவிடுங்கள். இழை நன்றாக இருந்து உள்ளே காய்ந்திருந்தால் மட்டும், மேல் முனையில் பிளாஸ்டிக் கவரைக் கூம்பாகக் கட்டி, கொஞ்சம் ஆயில் ஊற்றி, இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். கீழே முதலில் கறுப்பாகச் சொட்டும், தெளிவாகச் சொட்ட ஆரம்பித்தால் போதும்.

மாட்டிய பிறகு க்ளட்ச் லீவரின் லூஸ் முக்கியம். நிறைய வண்டிகளில் லீவர் பிடிமானத்தோடு சேரும் இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், சில வண்டிகளுக்கு லீவர் நுனியில் அளக்கச் சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லூஸ் அதிகமானால் க்ளட்ச் விடாது. லூஸே இல்லாமல் இறுக்கி வைத்தால் க்ளட்ச் பிளேட் வழுக்கித் தேய்ந்துபோகும், அது அதைவிடக் கெடுதல்.

அப்புறம் ஆயில். நம்ம பைக்குகளில் பெரும்பாலும் என்ஜின், க்ளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிலோமீட்டர் தாண்டிப் பழசானால் முதலில் கியரில்தான் தெரியும். புத்தகத்தில் சொன்ன கிரேடு, டப்பாவில் ஜாஸோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும், ஆயிலில் நனைந்து ஓடும் பைக் க்ளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி அது. கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள், அதில் க்ளட்ச் வழுக்கலாம்.

செயினையும் விடாதீர்கள். தொய்வு மிஞ்சினாலும், கம்பி மாதிரி இறுக்கி வைத்திருந்தாலும் கியர் மாறும்போது இடிக்கும். பல வண்டிகளுக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு சரி. கியர் லீவர் அசைகிற அச்சில் (பிவட்) மண் அடைத்திருந்தால் கழுவிக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் என்ஜின் ஓடும்போது மட்டும் மாறவில்லை என்றால், க்ளட்ச் மூடியைத் திறந்து பிளேட் வளைந்திருக்கிறதா, பிளேட்டுகள் உட்காரும் ஹவுசிங்கின் விரல் போன்ற நீட்டல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் என்ஜினை இறக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸைப் பிரிப்பது கடைசி வேலை. ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் விழவில்லை, ஓடும்போது கியர் தானாகக் கழன்று வருகிறது, இறக்கிய ஆயிலில் இரும்புத் துணுக்கு மின்னுகிறது என்றால்தான் அதைப் பேச வேண்டும்.

காலையில் முதல் கியர் போடும்போது மட்டும் ஒரு 'டக்' வந்தால் பயப்படாதீர்கள், இரவெல்லாம் ஆயிலில் ஒட்டிக்கிடந்த பிளேட் பிரிகிற சத்தம் அது. ஸ்டார்ட் செய்வதற்கு முன், கியரில் போட்டு க்ளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை நாலு அடி முன்னும் பின்னும் தள்ளிவிட்டு எடுங்கள், சத்தம் குறையும்.