எம்.பி. கொண்டுவந்த காசு: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் அரசாங்கக் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வரவு செலவுத் திட்டம், கடன், இதில் நம் எம்.பி.மாரின் வேலை என்ன என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

ஐயா, "ரோட்டுக்கு நான்தான் காசு கொண்டுவந்தேன்" என்கிறார் எங்கள் எம்.பி. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? (தலவாக்கலை)

தனியாக இல்லை தம்பி. அரச நிதி முழுவதும் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது, ஆனால் செலவுக்கோ வரிக்கோ பிரேரணை கொண்டுவர அமைச்சரால்தான் முடியும், அதற்கும் அமைச்சரவையின் ஒப்புதல் வேண்டும், அது 152. சாதாரண எம்.பி.யின் பலம் கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது. ஒதுக்கியது எவ்வளவு, திறைசேரி, அதாவது அரசாங்கக் கருவூலம், விடுவித்தது எவ்வளவு, வேலை எந்த மாதம் தொடங்கும்?

நான் வேலையில் இருந்தபோது ஒரு தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகிற பாதைக்குக் காசு ஒதுக்கினார்கள். ஒப்பந்தம் நவம்பரில்தான் கையெழுத்தானது, அப்புறம் மழை. டிசம்பர் 31 வந்ததும் செலவாகாத பணம் திரும்பிப் போய்விட்டது. கொங்கிரீட் போட்ட பாதை, கோயில் பக்கத்து வளைவோடு நின்றது. அதற்கு மேல் லயத்துப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்ததை நானே பார்த்தேன். மார்ச்சிலேயே ஒரு எம்.பி. பாராளுமன்றத்தில் எழுந்து கேட்டிருந்தால் அந்தப் பாதை முடிந்திருக்கும், இன்றும் மனசு ஆறவில்லை.

கடன் வாங்குவதே பிழையா? (மஸ்கெலியா)

இல்லை மகள். தீபாவளிக்குத் தோட்டத்தில் கடனாகத் தருகிற முற்பணத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு கறவை மாடு வாங்கினால் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினாலும் பால் காசு வரும், சேலைக்கும் பட்டாசுக்கும் போனால் வெட்டு மட்டும்தான் மிச்சம். நாட்டில் நடந்தது அதைவிட மோசம். 2019 டிசம்பரில் வற் வரியை, அதாவது பொருள் வாங்கும்போது விலையோடு சேர்கிற பெறுமதி சேர் வரியை, 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், வருமானம் விழுந்தது, செலவு விழவில்லை, வருமானத்தை மிஞ்சிய செலவுக்கு, அதாவது துண்டுவிழும் தொகைக்கு, பணம் அச்சடித்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. இப்போது வற் 18 வீதம். கொழுந்து எடுக்கிற அக்கா ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் அதே 18தான். அதனால் வரியைக் குறைப்பேன் என்று ஒருவர் சொன்னால் உடனே கை தட்டாதீர்கள், எந்தச் செலவை வெட்டுவீர்கள் என்று கேளுங்கள்.

கம்பனித் தோட்டத் தொழிலாளிக்கு அரசாங்கம் 200 ரூபாய் கொடுப்பது சரியா? (பொகவந்தலாவை)

2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,350 ஆக இருந்த நாள் சம்பளத்தை 1,550 ஆக்கி, அதற்கு மேல் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் வரவுக் கொடுப்பனவாக அரசாங்கம் 200 தரும் என்று 5,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். மாதம் 20 பேர், அதாவது 20 நாள் வேலை, விழுந்தால் 4,000 ரூபாய். அந்தக் காசு நம் வீடுகளுக்கு வேண்டும், நான் ஆதரிக்கிறேன். ஆனால் கம்பனி கொடுக்க வேண்டியதைத் திறைசேரி எத்தனை வருடம் சுமக்கும்? நம் எம்.பி.மார் கேட்க வேண்டியது இதை. அடுத்த வருடம் ஒதுக்கீடு இல்லாமல் போனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பொருளாதாரம் வளர்ந்தால் நமக்கென்ன? (நுவரெலியா)

2024ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டப்படி, வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது. உற்பத்தி வளராவிட்டால் அந்த 13 வீதத்துக்கான தொகையும் வளராது, பாடசாலைக் கட்டடமும் ஆஸ்பத்திரியும் லயத்துக்குப் பதில் வீடும் ஒரே சின்னப் பானைக்குள் அடிபடும். விளைச்சலைக் கூட்டப் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுகிற மறுநடுகையைப் பற்றிப் பேசாமல் வீட்டை மட்டும் கேட்கிற எம்.பி. பாதி வேலைதான் செய்கிறார்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? (கொட்டகலை)

பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட், அதாவது சபையில் பேசியதை அப்படியே பதிந்த அறிக்கை, இருக்கிறது, தமிழில் பேசியது தமிழிலேயே இருக்கும். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம், அதாவது ஒவ்வொரு அமைச்சின் செலவையும் தனித்தனியாகப் பேசுகிற விவாதம், நடந்த நாட்களை எடுத்து, உங்கள் எம்.பி.யின் பெயரைத் தேடுங்கள்.